இரண்டாவது சாக்கு

தாராவியை ஒட்டிய சாக்கடையைத் தூர்வாரியபோது கிடைத்த எலும்புகளைச் சாக்கில் கட்டித் தடயவியல் துறையில் என் மேசைக்கு அனுப்பினார்கள். மண்டையோடும் கை எலும்புகளும் இருந்தன, இடுப்பெலும்பு இல்லை. ஆணா பெண்ணா என்பதை முதலில் காட்டுவது இடுப்பெலும்புதான். அது இல்லாமல் சந்தேகம் வந்தால் ‘சொல்ல இயலாது’ என்று எழுதுங்கள் என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

புருவ மேடு தடித்திருந்தது. மேற்கை எலும்பில் தசை ஒட்டியிருந்த தடங்கள் முரடாக இருந்தன. ‘ஆண்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

காணாமல்போன மகளைத் தேடி ஒரு தாய் மருமகனுடன் வெளியே காத்திருந்தாள்.

“ஐயா, எம்மவ தோல் ஷெட்டுல மூட்டை தூக்குனவ. கையெல்லாம் ஆம்பள கை மாரி இருக்கும். நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா.”

“எலும்பு பொய் சொல்லாதும்மா” என்றேன்.

மருமகன் சிரித்தான். “கேட்டியளா அத்தை? ஓடிப்போனவள இங்க வந்து தேடுதிய.”

அவனைச் சந்தேகித்த போலீஸ் அன்றே அவனை விட்டுவிட்டது. ஆண் என்று ஆனபிறகு மரபணுச் சோதனையை யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே இடத்திலிருந்து இன்னொரு சாக்கு வந்தது. அதில் இடுப்பெலும்பு. அதன் பின்பக்க வளைவில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஆணென்றால் விரல் இறுகும். என் விரல் தாராளமாக அசைந்தது. இரண்டு, மூன்று முறை வைத்துப் பார்த்தேன்.

திருத்தினால் கோர்ட்டில் என் பழைய அறிக்கைகளையெல்லாம் கிளறுவார்கள். முதல் சாக்குக்கு எழுதியிருக்க வேண்டிய ‘சொல்ல இயலாது’ என்பதை இரண்டாவதற்கு எழுதினேன்.

ஓய்வுபெற்றுச் செம்பூரில் சும்மா உட்கார்ந்திருந்தவன், போன வருடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று அந்தத் தாயின் வீட்டைத் தேடிப் போனேன். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். டீ போட்டாள். மருமகன் வேறு கல்யாணம் செய்து நேருளில் இருக்கிறானாம்.

“நீங்க ஆம்பளன்னு சொன்னிய பாருங்க, அன்னைக்கித்தான் எனக்கு உசுரு வந்துச்சு. ஓடிப்போனா போவட்டும்யா, எங்கயாவது நல்லா இருந்தாச் சரி. கிறிஸ்மசுக்குக் கிறிஸ்மசு அவளுக்கு ஒரு சேலை எடுத்து வைக்கேன்.”

பீரோவைத் திறந்து காட்டினாள். ஒரு சேலையின் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

டீயைக் குடித்து முடித்தேன். “வரேம்மா” என்று எழுந்தேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அன்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் இதை எழுத எனக்குத் துணிவு வந்தது.