டில்லிப் புகையில் என் மகள்

என் மகள் மேற்படிப்புக்காக டில்லிக்குப் போன முதல் குளிர்காலத்தில், காலையில் எழுந்ததும் கைப்பேசியில் இரண்டு ஊர்களின் காற்று மாசைப் பார்ப்பேன். எங்கள் ஊர் கிள்ளானுக்குப் பச்சையோ மஞ்சளோ காட்டும். டில்லிக்குக் கருஞ்சிவப்பு. அதற்கு மேல் காட்ட அந்தப் படத்தில் வேறு நிறமே இல்லை என்பதை ஒருநாள் கவனித்தேன்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. சுமத்ராவில் காடு எரிந்து இங்கே புகை மூடும் வருஷங்களில் பள்ளிக்கூடங்களைச் சாத்திவிடுவார்கள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடுவேன். ஆனால் எங்கள் புகைக்கு ஒரு முடிவு உண்டு. நல்ல மழை ஒன்று கொட்டினால் மறுநாள் வானம் தெரியும். டில்லியில் அப்படி இல்லை என்று அவள்தான் சொன்னாள்.

“குளிரு புகைய அப்படியே தரையோட அமுக்கி வச்சிருக்கும்மா. காத்தே அசையாது.”

“அப்ப திரும்பி வந்துடு.”

“மாஸ்க் போட்டுக்குறேன்லா. இங்க இருக்குறவங்கல்லாம் மூச்சு விடலயா?”

மாடியில் தனி அறை எடுத்திருந்தாள். கீழே வீட்டுக்கார அம்மா. அந்த அம்மாவுக்கு ஹிந்தி தவிர ஒன்றும் தெரியாது. எனக்கு ஹிந்தியே தெரியாது. “சும்மா இருக்கட்டும்” என்று அவருடைய எண்ணை அனுப்பி வைத்திருந்தாள்.

எனக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில், பெண்கள் பெட்டியில் போவேன். ஜனவரியில் ஒரு காலை, ஷா ஆலாம் தாண்டியதும் மகளிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. என் ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. அவள் பக்கம் இன்னும் விடியவில்லை. முகம் தெரியவில்லை. மூச்சுதான் கேட்டது. உள்ளே போகும்போது விசில், வெளியே வரும்போது கரகரப்பு. சின்ன வயதில் எத்தனையோ முறை கேட்டு என் காதில் ஊறிப்போன சத்தம் அது.

“மருந்து பம்ப் எங்கடி?”

“காலி… ம்மா.”

“கீழ போ. வீட்டுக்கார அம்மாவக் கூப்புடு.”

“எழுந்திரிக்க… முடியல.”

கைப்பேசி அவள் கையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். திரை முழுக்க இருட்டு. விசில் மட்டும் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட வேண்டுமென்றால் இந்த அழைப்பை நான் துண்டிக்க வேண்டும். துண்டித்தால், அவள் மூச்சு விடுகிறாளா என்று எனக்குத் தெரியாமல் போகும். சிவப்புப் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல் இறங்கவில்லை.

எதிரே சல்வார் அணிந்த பஞ்சாபிப் பெண் ஒருவர், ஏறக்குறைய என் வயதுதான். என்ன ஆயிற்று என்று மலாயில் கேட்டார். என் மகள், டில்லி, மூச்சு என்று எனக்கு வந்த மலாயில் சொன்னேன். உங்களுக்கு ஹிந்தி வருமா என்று கேட்டேன். பஞ்சாபியில் பேசினால் அவர்களுக்குப் புரியும் என்றவர், என் பதிலுக்குக் காத்திராமல் தன் கைப்பேசியை எடுத்தார். நான் வீட்டுக்கார அம்மாவின் எண்ணைக் காட்டினேன். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. அடுத்த முறை தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல் கேட்டது. உடனே இவர் குரல் உயர்ந்தது. பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சற்று நேரத்தில் என் கைப்பேசியில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. தட்டல் இடியாக மாறியது. கதவு திறக்கவில்லை.

“உள்ளே தாழ் போட்டிருக்கிறதாம்” என்றார் அந்தப் பெண்.

“கண்ணு, அம்மா சொல்றது கேக்குதா? தவழ்ந்து போ. கதவுகிட்ட போனாப் போதும். மெதுவா மூச்ச ஊது, மெழுகுவத்தி அணைக்கிற மாதிரி ஊது. போடி என் தங்கம்.”

ஏதோ தரையில் இழுபட்டது. விசில் என்னைவிட்டு விலகிப் போனது, பிறகு நின்றே போனது. கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அப்போது தாழ்ப்பாள் விலகும் சத்தமும், அதையடுத்து ஒரு பெண்ணின் அலறலும் கேட்டன. அழைப்பு அறுந்தது.

அந்தப் பஞ்சாபிப் பெண் இறங்க வேண்டிய இடம் சுபாங். அவர் இறங்கவில்லை. என் கடைக்குப் பக்கத்து நிலையமான சென்ட்ரலில் என்னோடு இறங்கி, பிளாட்பார பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்கார அம்மாவிடமிருந்து அவருடைய கைப்பேசிக்கு விட்டுவிட்டு வந்த செய்தியை எனக்குச் சொன்னார். பனியும் புகையும் சேர்ந்து தெருவே தெரியவில்லையாம். அண்டை வீட்டுக்காரரின் காரில் மகளைப் படுக்க வைத்து, பெரிய சாலை வரும் வரைக்கும் ஓர் ஆள் டார்ச்சோடு காருக்கு முன்னால் நடந்தாராம். மனிதன் நடக்கும் வேகத்தில் என் மகள் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எதிரே ரயில்கள் வந்து வந்து போயின. நான் ஒன்றையும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்ட வாய் வரவில்லை.

கடைசியாக வந்த அழைப்பை அவர் நெடுநேரம் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். கண் திறந்துவிட்டாள். அம்மா எங்கே என்று கேட்டாளாம்” என்றார். நான் அவர் தோளில் விழுந்து அழுதேன். அழுது முடிக்கும் வரை அசையாமல் இருந்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிப் போனார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரமே டில்லிக்குப் பறந்தேன். விமானச் சக்கரம் தரையைத் தொடும் வரை ஊர் கண்ணில் படவில்லை. கட்டிலில் மகள் பாதியாகக் கிடந்தாள்.

“படிப்பு போதும். வா போவோம்.”

“குளிரு போற வரைக்கும் வரேன்மா. அப்புறம் திரும்பி வந்து முடிச்சிடுறேன்.”

சொன்னபடியே செய்தாள். அடுத்த குளிர்காலத்தில் டாக்டர் மாற்றிக் கொடுத்த மருந்தும், தலைமாட்டில் இரண்டு புது பம்புகளும் இருந்தன. ராத்திரியில் தாழ் போடுவதை விட்டிருந்தாள். நானோ ஹிந்தியில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் கற்றுக்கொண்டேன்: என் மகளால் மூச்சுவிட முடியவில்லை, மேலே ஓடுங்கள். பங்குனி வெயில் வந்து அவள் படிப்பை முடிக்கும் வரைக்கும், கொமுட்டரில் உட்கார்ந்து அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.