முத்துச்செல்வியின் நாலு கிலோ தண்ணீர்

முத்துச்செல்வியை எடை போட்ட இயந்திரம் மனிதர்களுக்கானது அல்ல. ஜவுளிக்கடையின் கீழ்த்தளத்தில் சேலைப் பண்டல்களைத் தூக்கி வைக்கிற இரும்புத் தட்டு அது. ஏறி நின்றால் சீட்டு அச்சாகி வரும். சரக்கின் பெயரைப் பதியாவிட்டால் சீட்டு வராது. பார்சல் பிரிவு ஆண்டிச்சாமி தலையைச் சொறிந்துவிட்டு, "பருத்தி, இதர வகை" என்று பதிந்தார்.

"பட்டுன்னு போடக் கூடாதாண்ணே? இருபத்திரண்டு வருசமா பட்டுலதான நிக்கிறேன்."

"பட்டுன்னு போட்டா உன்னைய உள்ள வச்சுப் பூட்டணும்பாங்க தாயி. பேசாம எறங்கு."

சீட்டில் 69.400 என்றிருந்தது. இருக்க வேண்டியது அறுபத்தைந்து.

அந்த அறுபத்தைந்தைக் கண்டுபிடித்தவர் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆலோசகர். சேலையை விரித்துக் காட்டுகிறவள் ஒல்லியாக இருந்தால், வாங்க வந்தவள் தன்னையும் ஒல்லி என்று நினைத்துக்கொள்வாளாம். ஆவணி முகூர்த்தத்துக்குள் எடை குறையாதவர்கள் அவனியாபுரம் குடோனுக்குப் போக வேண்டும் என்று மேலாளர் சிவக்குமார் சுற்றறிக்கை வாசித்தார். குடோனுக்குப் போனவர்கள் அடுத்த தீபாவளிக்குள் வேலையைவிட்டே போய்விடுவதுதான் அந்தக் கடையின் வழக்கம். சிவக்குமார் தொண்ணூற்றாறு கிலோ. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேதான் வாசித்தார். "நான் டிஸ்ப்ளேல வரலைல்ல?" என்று, யாரும் கேட்காமலே அவரே சொன்னார்.

முத்துச்செல்வியின் அம்மா திருவாதவூரில் அடுத்தவர் வயலில் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவள். மகள் பத்தாவது முடித்து, நிமிர்ந்து நிற்கிற வேலைக்குப் போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். நிற்பதிலும் இம்புட்டு இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? காலை பத்து மணிக்கு ஏறினால் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். விளக்குத்தூண் பக்கத்துக் கடைத்தெருவில் முகூர்த்தச் சேலை எடுக்க வருகிற வீட்டார் "செல்வியம்மா இருக்காகளா?" என்று கேட்டுத்தான் மாடி ஏறுவார்கள். அந்தக் கேள்விதான் அவளுடைய சொத்து. அதைக் குடோனில் எங்கே போய்க் கேட்பார்கள்?

எனவே அவள் மெலியத் தொடங்கினாள். விடியலில் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நாலு சுற்று நடந்தாள். சோற்றை விட்டாள். காலையில் கம்பங்கூழ், மதியம் கொள்ளு ரசம், ராத்திரி வெள்ளரிக்காய். ஆறு வாரத்தில் அவளுடைய ஷேர் ஆட்டோக்காரக் கணவன் பேச்சிமுத்து மூன்று கிலோ குறைந்தான். வீட்டில் வேறு எதுவும் சமைக்கவில்லை என்பதுதான் காரணம். அவள் 69.100.

"ஏ புள்ள, நீ நடக்குறதுக்கு நான்ல எளைக்கிறேன். ஸ்டாண்டுல பயலுக சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்றாய்ங்க."

"நீங்க குடோனுக்குப் போக வேண்டியதில்லையே. பேசாமக் குடிங்க."

தெப்பக்குளத்து நடைப்பயிற்சிக் கூட்டத்தில் எல்லோரிடமும் ஒரு மருந்து இருந்தது. ஒருவர் காந்த மோதிரம் விற்றார். ஒருவர் டப்பாவில் மாவு விற்றார். ஜாதகத்தை வாங்கிப் பார்த்த ஒருவர், உடம்பில் சனி உட்கார்ந்திருக்கிறது, எள் விளக்குப் போட்டால் எடை இறங்கும் என்றார்.

"சனிக்காவது உட்கார எடம் கெடைச்சிருக்கே" என்று சொல்லிவிட்டு அவள் நாலாவது சுற்றுக்குப் போனாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த மருத்துவர் அவளைவிடப் பத்து வயதாவது இளையவர். இரத்தம், சிறுநீரகம், தைராய்டு, இதயம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, எதிலும் குற்றமில்லை. கடைசியில் அவளுடைய கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"இது கொழுப்பு இல்லக்கா, தண்ணி. ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் நிக்கிறீங்க?"

"பதினோரு மணி நேரம்."

"தண்ணி எம்புட்டுக் குடிப்பீங்க?"

"மதியத்துக்கு மேல குடிக்கிறதில்ல. பாத்ரூம் போக டோக்கன் வேணும். இருபத்தாறு பேருக்கு ஒரு டோக்கன்."

மருத்துவர் பேனாவை எடுத்தார். அழுத்தி எழுதினார்: 'மணிக்குப் பத்து நிமிடம் உட்காரவும். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கவும்.' மருந்து கொடுக்கிற சன்னலில் அந்தச் சீட்டை நீட்டியபோது உள்ளே இருந்தவர் இரண்டு முறை படித்தார். "உட்காருறது இங்க ஸ்டாக் இல்லம்மா. அடுத்த ஆளு!"

கடையில் ஸ்டாக் இருந்தது. கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்த வருடமே, மாடிக்கு இரண்டு ஸ்டூல் வாங்கித் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். அதிகாரி வந்தால் முன்னால் வரும். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஆயுத பூசைக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். பொட்டு வைத்ததன் மேல் எப்படி உட்காருவது? அப்படியும் ஒருமுறை, பட்டுப் பிரிவில் கூட நிற்கிற செல்லக்கிளி உட்கார்ந்து பார்த்தாள். கூரையிலிருந்த கேமராவுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது: "பட்டு, மூணாம் நம்பர், எந்திரிங்க."

முத்துச்செல்வி கொடுத்த மருந்துச் சீட்டை சிவக்குமார் அக்கறையாகத்தான் படித்தார்.

"ஏம்மா, உட்கார்ந்தா இன்னும் வெயிட் போடும்ல? என்னையப் பாரு."

ஆவணி பிறந்தது, இயந்திரம் 68.900 காட்டியது. முத்துச்செல்வி அவனியாபுரத்துக்குப் போனாள்.

குடோனில் கேமரா இல்லை, டோக்கன் இல்லை. தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து சேலைகளை ரகம் பிரிக்க வேண்டும். தாகம் எடுத்தால் போர்வெல் தண்ணீர். பத்தாம் நாள் பழக்கதோஷத்தில் அங்கிருந்த தராசில் ஏறினாள். 64.800. நம்பாமல் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினாள். 64.600.

சரக்கு அறிக்கையோடு அந்த எண்ணும் கடைக்குப் போனது. மறுநாளே அவளைக் கூப்பிட்டு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். திட்டத்தின் முதல் வெற்றி என்று பட்டுப் பிரிவில் அவள் படம் மாட்டப்பட்டது. அந்தப் படத்துக்குக் கீழேயே பதினோரு மணி நேரம் நின்றாள். மூன்று வாரத்தில் 68.700. மறுபடி குடோன். மறுபடி 64.700. மறுபடி மாலை.

"அக்கா, நீ என்ன மேலயும் கீழயும் லிப்ட் மாதிரி போய்ட்டு வார?" என்றாள் செல்லக்கிளி.

முத்துச்செல்வி ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, இடம், நின்ற நேரம், எடை என்று நாலு பத்தி போட்டு எழுதி வைத்திருந்தாள். அதை சிவக்குமார் மேசையில் விரித்தாள். "பாருங்க சார். நிக்கிறப்ப ஏறுது, உட்கார்றப்ப எறங்குது. சாப்பாட்டுல ஒண்ணுமே மாத்தல."

அவர் நோட்டைச் சென்னைக்கு அனுப்பினார். ஆலோசகர் இரண்டு நாள் ஆராய்ந்து பதில் எழுதினார்: அவனியாபுரத்துத் தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது.

கண்ணெதிரே இருக்கிற நாற்காலியைப் பார்க்காமல் தண்ணீரில் அற்புதம் தேடுவதற்கும் ஒரு படிப்பு வேண்டும்போல. அடுத்த திங்கட்கிழமை முதல் குடோன் போர்த் தண்ணீர் கேன் கேனாகப் பட்டுப் பிரிவுக்கு வந்து இறங்கியது. கொண்டுவந்தது பேச்சிமுத்துவின் ஷேர் ஆட்டோ. ஆளுக்கு மூன்று லிட்டர், மேலாளர் முன்னிலையில், கட்டாயம்.

"பேசாமக் குடிங்க" என்று பேச்சிமுத்து கேனை இறக்கிவிட்டுப் போனான்.

குடித்தார்கள். பதினொன்றரைக்குப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டோக்கன் ஒன்று. அது செல்லக்கிளியிடம் இருந்தது, அவள் இன்னும் திரும்பவில்லை. கவுண்டரில் மூன்று கல்யாண வீட்டார்.

முத்துச்செல்வி கையிலிருந்த சேலையை மடித்து வைத்தாள். "மன்னிச்சுக்கோங்கம்மா, ஒரு நிமிசம்" என்று கல்யாணப்பெண்ணிடம் சொல்லிவிட்டு டோக்கன் இல்லாமல் நடந்தாள். அவள் பின்னால் ஒருத்தி. அவள் பின்னால் இன்னொருத்தி. இருந்த கழிப்பறையும் ஒன்றுதான், வரிசை மாடிப்படி வரைக்கும் வந்தது. நிற்க முடியாமல் ஒருத்தி படியில் உட்கார்ந்தாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். படிக்கட்டில் கேமரா இல்லை.

ஆள் இல்லாத பட்டுப் பிரிவைப் பார்த்து ஒலிபெருக்கி, "பட்டு, எந்திரிங்க, பட்டு, எந்திரிங்க" என்று கத்திக்கொண்டிருந்தது. சிவக்குமார் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"என்னம்மா இது? எந்திரிங்க எல்லாரும்!"

"வரிசைல இருக்கோம் சார்."

"யாரு ஆரம்பிச்சது?"

"நான்தான்" என்றாள் முத்துச்செல்வி.

"இன்னைக்கே உன்னைய குடோனுக்கு..."

"அனுப்புங்க சார். பத்து நாள்ல அறுபத்தஞ்சுக்குக் கீழ வந்துருவேன். நீங்க மாலையோட கூப்பிடணும். இந்தத் தடவ இருபத்தாறு பேரையும் அனுப்பினீங்கன்னா இருபத்தாறு மாலை."

படியெல்லாம் சிரிப்பு. சிவக்குமார் கணக்குப் போட்டுப் பார்த்தார். உள்ளே கல்யாண வீட்டார் அடுத்த கடைக்குப் போகலாமா என்று பேசுவது கேட்டது. அவர் திரும்பிப் போய் இரண்டு ஸ்டூல்களையும் தானே தூக்கி வந்தார். பிளாஸ்டிக் உறை கையில் வழுக்கியது.

"இந்தா, ஸ்டூலு. இப்ப வாங்க."

"ரெண்டுதான சார் இருக்கு? மிச்சம் இருபத்திநாலு வாரவரைக்கும் இங்கனயே இருக்கோம்."

ஒரு மணிக்குள் பந்தல்காரரிடமிருந்து இருபத்திநாலு சிவப்பு நாற்காலிகள் ஷேர் ஆட்டோவில் இரண்டு நடையாக வந்து இறங்கின. டோக்கனை செல்லக்கிளி எங்கே போட்டாள் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. எடை போட யாரும் கூப்பிடவில்லை. முத்துச்செல்வியே இறங்கிப் போய்த் தட்டில் ஏறினாள். 66.200.

ஆண்டிச்சாமி சீட்டைக் கிழித்து நீட்டினார். "இன்னும் ஒண்ணேகால் கூடுதல் இருக்கே தாயி."

"இது தண்ணி இல்லண்ணே, நான் தின்ன சோறு. இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, மேலே யாரோ செல்வியம்மாவைக் கேட்கிறார்கள் என்று படியேறிப் போனாள்.