சாட்சிக்கு நான் போட்ட கையெழுத்து

லாயர் ஆபீசில் டைப் அடிக்கும் கடிதங்களை நான் வாசிப்பதில்லை. கண் எழுத்தைப் பார்க்கும், விரல் பாட்டுக்குப் போகும். அந்தத் திங்கட்கிழமை ஒரு விதவைக்குப் போக வேண்டிய கடிதம். இரண்டாவது பத்தியில் விரல் நின்றுவிட்டது. உங்கள் கணவரின் உயிலில் நீங்களே சாட்சியாகக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்; ஆகவே அதில் உங்களுக்கு எழுதப்பட்ட வீடு உங்களைச் சேராது என்று இருந்தது.

எங்கள் அப்பாவின் உயிலில் நான்தான் சாட்சி. வீடும் எனக்குத்தான்.

எங்கள் ஊர் காஜா பெராங். எங்களுடையது பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சின்ன வீடு. அப்பா ரப்பர் கிடங்கில் எடை போடுகிறவர். எண்களைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது. அவருடைய முதல் மனைவி இறந்த பிறகு என் அம்மாவைக் கட்டினார். அந்த முதல் மனைவியின் மகன், என் அண்ணன், பத்து பெரெண்டாம் என்ற ஊரில் இருக்கிறார். ஒருநாள் வந்து காப்பி குடித்துக்கொண்டே, "அப்பாவுக்குப் பிறகு இதை வித்துப் பங்கு போட்டுக்கலாம், சின்னம்மா" என்றார். மறுவாரமே அப்பா, கோர்ட்டுப் பக்கம் மனு எழுதுகிறவரிடம் போய் ஓர் உயில் எழுதி வாங்கி வந்தார். வீடு என் பெயருக்கு. நான் அம்மாவையும் தங்கையையும் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். அடுத்த வீட்டுச் செட்டி, "போலே, போலே" என்று மலாயில், போடலாம் போடலாம் எனச் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இன்னொருவராகத் தெருக்கோடிப் பால்காரரை அப்பா கூப்பிட்டிருந்தார். அவர் பெருவிரலை மையில் வைக்கப் போனபோது நான்தான் தடுத்தேன்.

"கைநாட்டு எதுக்கு மாமா? அழகா நான் கையெழுத்துப் போடுறேன்."

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்பா அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார். "எம்மவ கையெழுத்து, பாருங்க."

இப்போது அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்றில் கட்டி. வியாழக்கிழமை காலை ஆபரேஷன்.

திங்கள் ராத்திரி சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் உயில் என்று வாயைத் திறந்தேன். "அவரு அங்க படுத்திருக்காரு, இங்க உயில் பேச்சா? வாயைக் கழுவு!" என்று சீறினாள். அதோடு அடங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அம்மாவின் கோபத்தைவிட எனக்கு வேறொன்று பயமாக இருந்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் ஊருக்கெல்லாம் காட்டிய அந்தக் கையெழுத்துதான் வீட்டைத் தொலைத்தது, இனி அண்ணன் விற்றுப் பங்கு கேட்கலாம் என்றா? ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஏன் பாப்பா, கை இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றார். மழை என்றேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை அண்ணன் வீட்டுக்கு வந்தார். அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்க வேலிவரைக்கும் நடந்து பார்த்தார். அவர் செருப்புச் சத்தம் சமையலறைச் சுவரை ஒட்டிப் போனது. நேரே ஆபீசுக்கு ஓடி, தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்பா இருக்காரா?"

"இருக்காரு. நாளைக்கு ஆபரேஷன்."

"அப்ப இங்க ஏன் நிக்கிற?"

லாயர் மூவார் கோர்ட்டுக்குக் கேஸ் விஷயமாகப் போவதற்குள் புது உயிலை எழுதிக் கொடுத்துவிட்டார். கிராணி ஒரு சாட்சி. "இன்னொரு ஆளைக் கூட்டிக்கிட்டு வா. நீ ஆகாது. உங்கம்மாவும் ஆகாது. ஆஸ்பத்திரிக்காரங்க போட மாட்டாங்க."

"கையெழுத்துத் தெரிஞ்ச ஆளா இருக்கணுமா?"

"கண்ணு தெரிஞ்சா போதும்."

பகல் ஒரு மணிக்கு எங்கள் தெருவில் ஆண்கள் யார் இருப்பார்கள்? அடுத்த வீட்டுச் செட்டிகூட வேலைக்குப் போயிருந்தார். மாட்டுக் கொட்டகையில் பால்காரர் மட்டும் புல் அரிந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என் கைநாட்டா?" என்றார். அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாணி நாறுமே, பரவாயில்லையா?"

"மாமா…"

"சரி சரி, அழுவாத. மூணு மணிக்குக் கறக்கலைன்னா மாடு கத்தும். அதுக்குள்ள என்னைக் கொண்டாந்து விட்டுடணும்."

ஆஸ்பத்திரியில் கிராணி என்னை வார்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார். "நீ உள்ள வந்தா, மக சொல்லித்தான் போட்டாருன்னு நாளைக்கு யாராவது பேசுவாங்க. இங்கயே நில்லு." சன்னல் பலகைகளின் இடைவெளியில் பால்காரரின் முதுகு மட்டும் தெரிந்தது. கிராணி நிதானமாக ஒவ்வொரு வரியாக வாசித்தார். எத்தனை பிள்ளைகள், இன்று என்ன கிழமை என்று கேட்டார். அப்பா சரியாகச் சொன்னார்.

"எம்மவ எங்க?" அப்பாவின் குரல். "அவ படிச்சுப் பாத்துச் சொல்லாம நான் எதுலயும் விரல் வைக்க மாட்டேன்."

பழைய உயிலில் சாட்சிக் கையெழுத்து ஆகாது என்று கிராணி எடுத்துச் சொன்னார். "முடியாது" என்றார் அப்பா. என் கால் தானாக வாசல்படிவரை போய் நின்றது. இன்னும் ஓர் அடி வைத்தால் உள்ளே. வைக்கக்கூடாது. சத்தம் போட்டுச் சொல்லவும் கூடாது. நாளைக்கு இந்த நேரம் அப்பா இருப்பாரா? கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பால்காரர் பேசினார். "ஏண்ணே, படிச்ச புள்ள போட்ட கையெழுத்தாலதான் நாம மூணு பேரும் இங்க நிக்கிறோம். வைங்கண்ணே. மாடு கத்தும்."

அப்பா சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரிக்கிற சிரிப்பு. மைப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

கிராணி தாளைக் கொண்டுவந்து காட்டினார். கீழே அப்பாவின் விரல், பக்கத்தில் பால்காரரின் விரல், அதற்கும் கீழே கிராணியின் கையெழுத்து. என் எழுத்து ஓர் இடத்திலும் இல்லை. இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன்.

பால்காரர் என் முகத்துக்கு நேரே நீல மை அப்பிய பெருவிரலை நீட்டி, "அழகா இருக்கா?" என்றார்.

"அழகா இருக்கு மாமா" என்றேன்.

அவர் இந்த முறை விரலை வேட்டியில் துடைக்கவில்லை. மூன்று மணிக்கு முன்னால் அவரை வீட்டில் விட்டுவிட்டு நான் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது, உள்ளே விட மாட்டோம் என்றார்கள். வியாழக்கிழமை காலை, அப்பாவைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் முகத்தைப் பார்த்தேன். கையை விரித்து விரலைக் காட்டினார். மை இன்னும் போகவில்லை. கதவு மூடிக்கொண்டது. அம்மாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்தோம். வீடு பிழைத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். என் கைகள் மட்டும் அதே சில்லிப்பில் இருந்தன.