தோவானுக்குப் போதை ஏறாது

தினமும் காலை பத்தரை மணிக்குத் தோவான் கொழுத்த பன்றிக்கறிக் கஞ்சி இரண்டு கிண்ணம் குடிப்பார். அதன்மேல் ஒரு பச்சை முட்டை. "வயித்துக்குத் தரை போட்டாச்சு, கிளம்பலாம்" என்று வாயைத் துடைத்துக்கொள்வார். கான்தோ நகரில் எங்கள் கட்டுமானக் கம்பெனியில் அவர் வெளித்தொடர்பு அலுவலர். ஒப்பந்தம் பிடிக்க நடக்கும் விருந்துகளில் டைரக்டருக்கு ஊற்றப்படும் சாராயக் கோப்பைகளை அவருக்குப் பதிலாகக் குடிப்பதுதான் வேலை. டைரக்டர் குவோக்குக்கு ரத்த அழுத்தம். உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிற மனிதர்.

பக்கத்து மேஜையில் வரைபடம் வரையும் நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன், தோவான் ஒருநாளும் தள்ளாடியதில்லை. "குடிகாரன்னா ரோட்டுல விழணும் தங்கச்சி. நான் விழுந்து பாத்திருக்கியா?" என்பார். அவருடைய அப்பாவும் விழுந்ததில்லை. நாற்பத்தொன்பது வயதில், ஈரல் கெட்டு, கட்டிலில் படுத்தபடி ஒழுங்காகத்தான் செத்தார். "எங்க ரத்தத்துக்கே ஏறாது" என்று தோவான் அதைப் பெருமையாகச் சொல்வார். அந்த ரத்தம்தான் ஆபத்து, ஏறாதவனுக்குத்தான் நிறுத்தத் தெரியாது என்று ஒரு டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். தோவான் அதையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து இல்லை. காலையிலேயே கை நடுங்கும். "வேலையில்லாத உடம்பு இப்படித்தான் கெடந்து தவிக்கும்" என்று மனைவி லியனிடம் சொல்லிவிட்டு ஒரு கோப்பை ஊற்றிக்கொள்வார். அலுவலகத்தில் யாரும் அவரைத் தடுத்ததில்லை. ஒப்பந்தம் கிடைக்கும் போதெல்லாம் கைதட்டினோம். நானும்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் அவர் வீட்டில் அப்பாவின் நினைவு நாள் விருந்து. பாயில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். டைரக்டர் அரிசிச் சாராயப் பாட்டிலைத் திறந்து, தோவானின் மகன் காங்கைக் கூப்பிட்டார். பதினெட்டு முடிந்த பிள்ளை.

"வாடா தம்பி! ஒண்ணு, ரெண்டு, மூணு, உள்ள!"

மூன்று கோப்பை. காங்கின் முகம் சிவக்கவில்லை, கண் கலங்கவில்லை. பந்தியே ஆர்ப்பரித்தது.

"அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்! தோவான், உன் நாற்காலிக்கு ஆள் கிடைச்சாச்சு. திங்கக்கிழமை இவனை ஆபீசுக்கு அனுப்பு" என்றார் டைரக்டர்.

காங் சிரித்துக்கொண்டே நான்காவதற்குக் கோப்பையை நீட்டினான். தோவான் தன் உள்ளங்கையால் அதன் வாயை மூடினார். ஊற்றுகிறவர் முன்னால் கோப்பையை மூடுவது எங்கள் ஊரில் முகத்தில் அறைவதற்குச் சமம்.

"என்னய்யா இது? கைய எடு" என்று சிரித்தபடியே டைரக்டர் பாட்டிலைச் சாய்த்தார்.

சாராயம் விரல்களின்மேல் வழிந்து பாயெல்லாம் நனைந்தது. தோவான் கையை எடுக்கவில்லை.