கை எட்டாத மணிக்கயிறு

பெரிய வியாழன் பூசை முடிந்ததும், எங்கள் பல்கலைக்கழக மாதா கோயிலில் வாட்ச்மேன் மணிக்கயிற்றைச் சுருட்டி மேலே கட்டிக்கொண்டிருந்தார். ஏசுவின் பாடுகளுக்கான துக்கம் என்பதால் ஈஸ்டர் வரை மணி கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்த டக் டக் சத்தம் கேட்டால் இன்றும் எனக்குச் சின்ன வயதில் தொலைந்துபோன நாள்தான் ஞாபகம் வரும்.

அப்போது இது வெறும் கல்லூரி. வகுப்பு, சாப்பாடு, பூசை எல்லாவற்றுக்கும் அப்பாதான் மணி அடிப்பார். மணி கேட்டால் எங்கிருந்தாலும் நான் வளாகத்துக்குள் இருந்த எங்கள் வீட்டுக்கு ஓடிவந்துவிடுவேன். அந்த வருஷம் பெரிய வியாழனும் பௌர்ணமியும் ஒரே நாளில் வந்தன. சுண்டல் வாசனையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டியவள், கிரிவலக் கூட்டத்தோடு போய்விட்டேன். சுற்றிலும் வேட்டிகள், சேலைகள், புழுதிக் கால்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

விடுதி அக்காக்கள் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தேடினார்களாம். அரோகரா சத்தத்தில் அது எடுபடவில்லை.

"மணிய அடிங்க, வந்துடுவா," என்று அம்மா கதறியிருக்கிறாள்.

"இன்னிக்கு அடிக்கக் கூடாது. அவங்க முறைய நாம கெடுக்கறதா?" என்றாராம் அப்பா. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அவர் கயிற்றைத் தொடவே பயந்தார்.

கேட்டுக்கொண்டிருந்த ஃபாதர், எதற்கும் விதியைத் தளர்த்தாதவர், அங்கியோடு ஓடிப்போய் அவரே கயிற்றை இழுத்தார்.

எனக்குக் கேட்டது. அழுகையை நிறுத்திவிட்டு, சத்தம் வந்த பக்கம் நடந்தேன்.

"யாருக்கும் எட்டாத மாதிரி கட்டிட்டேன் மேடம்," என்று இப்போது கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னார் வாட்ச்மேன்.

"கொஞ்சம் கீழ எறக்கிக் கட்டுங்க," என்றேன். "இன்னிக்கும் வெளிய பௌர்ணமிக் கூட்டம் ஜாஸ்தி."