இரைச்சல் நீக்கிய கேசட்

டிவிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, காமெடியை ஆடியோ கேசட்டில் பிடித்த ஆட்களை உங்களுக்குத் தெரியுமா? எனக்கு ஒருவரைத் தெரியும். அதிராம்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி, தஞ்சாவூரில் என் மொபைல் கடைக்கு வந்தார். வெள்ளைத் தாடி, சித்திரை வெயிலிலும் கழுத்தில் கம்பளி மப்ளர். லண்டனில் முப்பது வருடம் இருந்தவராம்.

“இந்தக் கேசட்டைப் போன்ல ஏத்திக் குடுங்க தம்பி. அப்ப அங்க டிவில இந்தக் காமெடியன்தான் ராஜா. இப்ப அந்த ஊர்லயே எவனுக்கும் தெரியாது.”

“வெள்ளைக்காரன் ஜோக்குக்கெல்லாம் சிரிப்பு வருமா பாய்?”

“கேட்டுட்டுப் பேசுங்க.”

ஏற்றினேன். நடுநடுவே பாத்திரச் சத்தம், யாரோ ஒரு பெண் சிரிக்கும் சத்தம். முடியும் நேரத்தில் நாடா ப்ளேயரில் சிக்கி நார்நாராகிவிட்டது. பைல்தான் கையில் இருக்கிறதே என்று, கெத்தாக ஒரு ஆப்பில் போட்டு இரைச்சலை எல்லாம் துடைத்து, பழைய பைலின் மேலேயே சேவ் செய்தேன். காமெடியன் குரல் கண்ணாடி மாதிரி வந்தது.

மறுநாள் பாய் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஜோக் வருவதற்கு முன்பே விரலைத் தூக்கி, “இப்ப பாருங்க” என்றார். ஜோக் வந்து போனது. விரல் அப்படியே நின்றது.

“சிரிப்பு எங்க தம்பி?”

“அந்த இரைச்சலா? சுத்தமா எடுத்துட்டேன் பாய்.”

“அது என் சம்சாரம். பக்கத்துல உக்காந்து சிரிச்சா. மவுத்தாயி ஆறு வருசமாச்சு. அவ குரல் வேற எதுலயும் இல்ல.”

அவர் திட்டவில்லை. ஹெட்போன் வயரை ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டு, “நல்லா க்ளியரா இருக்கு தம்பி” என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அந்த பைல் இப்போதும் என் போனில் இருக்கிறது. பன்னிரண்டு நிமிடம் ஓடுகிறது. யாரும் சிரிப்பதில்லை.