சித்ராதேவி பத்து எண்ணுகிறார்

கேள்வியைக் கேட்டுவிட்டுச் செருப்புக்குள் கால் விரலை மடக்கி மடக்கிப் பத்து வரை எண்ணுவார் சித்ராதேவி. எதிரில் இருக்கும் பேச்சிழந்தவருக்குப் பதில் திரள அவ்வளவு நேரமாகும். கூட வந்த உறவுக்காரர்கள் மூன்றுக்கு மேல் பொறுக்க மாட்டார்கள், தாங்களே சொல்லிவிடுவார்கள். "அவுக பதிலை அவுகளே சொல்லட்டும்" என்பார், நிமிராமல்.

அப்பா சாத்தூரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர். மகள் பேச்சுப் பயிற்சி அளிக்கப் படித்துவிட்டு, நல்லூரில் இரண்டு தையல் யூனிட்டுகளுக்கு நடுவே பயிற்சிக்கு அறை பிடித்தார். மிஷின் சத்தம் ஓயாது. "இந்தச் சத்தத்துல பேசிப் பழகிட்டா எங்கயும் பேசிரலாம்லா?" என்பார்.

2006இல் பொங்கியண்ணனை அழைத்து வந்தார்கள். நிட்டிங் யூனிட் முதலாளி. பக்கவாதத்தில் வலது கையோடு பேச்சும் போயிருந்தது. மிஞ்சியது ஒரே சொல்: "சரி."

மூன்றாம் நாள் சீப்பைக் காட்டி, "இது செருப்பாய்யா?" என்றார் சித்ராதேவி. வாய் "சரி" என்றது; இடது கை சீப்பைத் தள்ளியது. உடனே ஓர் அட்டையில் சரிக்குறியும் இன்னோர் அட்டையில் பெருக்கல் குறியும் போட்டு முன்னால் வைத்தார். இருபது கேள்வி. இருபதிலும் விரல் பிசகவில்லை.

அதற்குள் மகன் மகுடேஸ்வரன் மடத்துக்குளத்துத் தென்னந்தோப்பை விற்கப் பேசி முடித்திருந்தார். புது மிஷின் வாங்க வேண்டும்.

"அப்பாவைக் கேட்டுட்டுத்தானுங்க மேடம். சரீன்னுட்டாருங்க."

"அவுகளுக்கு வேற சொல் வராது சார். அது சம்மதமில்ல. அட்டைய வச்சுக் கேளுங்க."

"அட்டையத் தொட்டாருன்னு முடிவு பண்ண முடியுங்களா? பாக்கறவங்க விளையாட்டும்பாங்க."

சித்ராதேவி, பொங்கியண்ணன் மகளின் கல்யாண சிடியை வாங்கிப் போய்ப் பார்த்தார். பந்தியில் இரண்டாவது லட்டு வைக்க வந்தவரிடம் பொங்கியண்ணன் கையால் மறித்துச் சொல்கிறார், "வேண்டாமுங்க." அந்த ஒரு சொல்லைப் பிரித்தெடுத்து, பேசும் பொம்மையிலிருந்து கழற்றிய ஒலிப்பதிவுக் கருவியில் ஏற்றினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொத்தான் பொருத்தினார். வேறு கேள்விகளில் இரண்டு நாள் பழக்கினார். மூன்றாம் நாள் மகனை வரச் சொன்னார்.

"தோப்பை வித்துரலாமாய்யா?"

"சரி" என்ற வாயைப் பொங்கியண்ணனே இடது கையால் பொத்திக்கொண்டார். பிறகு அந்தக் கையை எடுத்துப் பொத்தானை அழுத்தினார்.

"வேண்டாமுங்க."

எட்டு மாதமாகக் கேட்காத குரல். மகுடேஸ்வரனின் கண் கலங்கியது. பொங்கியண்ணன் இன்னொரு முறை அழுத்தினார்.

"ஏனுங்க மேடம், அப்பா எதுக்குங்க வேண்டாங்கறாரு?"

சித்ராதேவி எழுந்து போய், மகன் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியின் முதுகைப் பிடித்து, தகப்பனைப் பார்க்கத் திருப்பிவிட்டார்.